தொடர் கேம்களில் கதாபாத்திர மாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் விளையாடும் நண்பர்களும், இந்தத் துறையில் வேலைக்குச் சேர விரும்பும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறேன். ஒரு முறை விளக்கியதை மறுபடி விளக்காமல் முந்தைய பதிலைச் சுட்டியிருப்பதால், புதியவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. கேரக்டர் மாடல் என்கிறீர்களே, அது படமா, பொம்மையா, என்ன அது?

திரையில் ஒரே உருவமாகத் தெரிந்தாலும், மாடல் என்பது பல கோப்புகளின் தொகுப்பு. முக்கோணங்களையும் நாற்கோணங்களையும் இணைத்துச் செய்த, உள்ளே வெற்றிடமான மேற்பரப்புக்கு மெஷ் என்று பெயர். தோலின் நிறம், துணியின் நெசவு, தழும்பு போன்றவற்றைத் தாங்கி அதன்மேல் படியும் தட்டையான படங்கள் டெக்ஸ்ச்சர்கள். அந்தப் பரப்பில் விழும் ஒளி எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் கணக்கிடுவது ஷேடர். மெஷ்ஷுக்குள் ரிக் எனப்படும் எலும்புக்கூடு இருக்கிறது. எந்த எலும்பு அசைந்தால் பரப்பின் எந்தப் புள்ளி எவ்வளவு நகர வேண்டும் என்ற கணக்குக்கு ஸ்கின்னிங் என்று பெயர். நடப்பது, ஓடுவது, அடிபட்டு விழுவது போன்ற அசைவுகள் அனிமேஷன் கோப்புகளாகத் தனியே இருக்கின்றன.

எல்லாக் காலத்திலும் இத்தனை அடுக்குகளும் இருந்ததில்லை. 1996-இல் வந்த கிராஷ் பாண்டிகூட்டின் நாயகன் 512 பலகோணங்களால் ஆனவன். அவன் உடலின் பெரும்பகுதிக்கு டெக்ஸ்ச்சர் கிடையாது, நேரடி வண்ணம்தான். எலும்புகளை அசைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு அசைவிலும் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்க வேண்டும் என்பதையே பதிந்து வைத்திருந்தார்கள். ஒரு கேமில் பழைய மாடல் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த அடுக்குகளில் எது வந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கும்.

2. ஒரு கதாபாத்திரத்தைப் புதிதாகச் செய்வதற்கு என்னென்ன வேலை இருக்கிறது?

முதலில் ஓவியர் உருவத்தை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று வரைகிறார். அதைப் பார்த்து ஸீபிரஷ் போன்ற மென்பொருளில் பல மில்லியன் பலகோணங்கள் கொண்ட சிற்பம் ஒன்றைச் செதுக்குகிறார்கள். முகம் உண்மையான மனிதரைப் போலவே இருக்க வேண்டுமென்றால், ஒரு நடிகரைப் பல கேமராக்களுக்கு நடுவே நிறுத்திப் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து முகத்தின் வடிவத்தைக் கணக்கிட்டு எடுப்பதும் உண்டு. காப்காம் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் 7 முதல் இம்முறையை விரிவாகப் பயன்படுத்துகிறது. அவ்வளவு கனமான சிற்பத்தை, கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான கேம் எஞ்சினால் நொடிக்கு 60 முறை வரைய முடியாது. ஆகவே அதன்மேல் எடை குறைந்த இன்னொரு மெஷ்ஷை நெய்து, சிற்பத்தின் நுணுக்கங்களை நார்மல் மேப் என்ற படத்தில் பதிந்து, புடைப்பும் பள்ளமும் இருப்பதுபோல ஒளியால் தோன்றச் செய்கிறார்கள். தையற்காரர் சட்டையைப் பிரித்துத் துணியாக விரிப்பதுபோல மெஷ்ஷைத் தட்டையாக விரித்துத்தான் அதற்கு டெக்ஸ்ச்சர் தீட்ட முடியும்.

பார்வையாளர் கவனிக்காத உழைப்பு மூட்டுகளில் இருக்கிறது. முழங்கையை எடுத்துக்கொள்வோம். மடங்கும் இடத்தைச் சுற்றி மெஷ்ஷின் கோடுகள் மூன்று வளையங்களாகவாவது ஓடாவிட்டால், கையை மடக்கும்போது அந்த இடம் தட்டையாக நசுங்கிவிடும். தோள் இன்னும் கடினம். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அக்குள் உள்ளே குழிந்து, தோள்பட்டை கழுத்துக்குள் புகுந்துவிடும். அதைச் சரிசெய்யக் கூடுதல் எலும்புகளையோ திருத்த வடிவங்களையோ வைக்கிறார்கள். ஒருமுறை சரியாக அமைந்த தோளை எந்தக் கலைஞரும் எளிதில் தூக்கி எறிய மாட்டார். மறுபயன்பாட்டின் பொருளாதாரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

3. இதெல்லாம் 3டி வந்த பிறகு தொடங்கிய பழக்கமா?

இல்லை, செய்த உருவத்தை மறுபடி பயன்படுத்தும் பழக்கம் அதற்கும் முந்தையது. 1992-இல் வந்த மார்ட்டல் கோம்பாட்டில் ஸ்கார்ப்பியன், சப்ஸீரோ, ரெப்டைல் ஆகிய மூவரும் ஒரே நடிகரைப் படம்பிடித்து உடையின் நிறத்தை மட்டும் மாற்றி உருவாக்கப்பட்டவர்கள். 1993-இன் டூமில் சில அரக்கர்களைக் களிமண்ணிலும் வேறு பொருள்களிலும் பொம்மையாகச் செய்து, பல கோணங்களில் படமெடுத்துக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே வந்த டூம் 2-இல், பேரன் ஆஃப் ஹெல் என்ற அரக்கனின் நிறத்தை மாற்றி, உயிர்வலிமையை 1000-இலிருந்து 500-ஆகக் குறைத்து, ஹெல் நைட் என்ற புதிய எதிரியை உண்டாக்கினார்கள்.

கையால் வரையும் சண்டை கேம்களில் இது இன்னும் தீவிரம். 1994-இல் டார்க்ஸ்டாக்கர்ஸுக்காக வரையப்பட்ட மோரிகனின் சித்திரங்களைக் காப்காம் 2000-இல் வந்த மார்வெல் வெர்சஸ் காப்காம் 2 வரை எடுத்துச் சென்றது. அதே ஆண்டின் காப்காம் வெர்சஸ் எஸ்என்கேயில், புதிதாக வரையப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் அவர் மங்கலாகத் தெரிந்ததை ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். மறுபுறம், எஸ்என்கே நிறுவனம் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் தொடரில் பல ஆண்டுகள் பழைய சித்திரங்களைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்திவிட்டு, 2009-இன் பன்னிரண்டாம் பாகத்துக்கு எல்லோரையும் புதிதாக வரைந்தபோது, வீரர்களின் எண்ணிக்கையை இருபதுக்குச் சற்று மேலாகச் சுருக்க வேண்டியிருந்தது. 3டி மாடல்களுக்கு மாறிய பதினான்காம் பாகத்தில் 2016-இல் 50 வீரர்கள் இருந்தார்கள்.

4. அடுத்த பாகம் செய்யும்போது எது அப்படியே வரும், எதைப் புதிதாகச் செய்வார்கள்?

பொதுவாக நீண்ட நாள் வாழ்வது எலும்புக்கூடும் அனிமேஷனும். சீக்கிரம் காலாவதியாவது ஷேடர். எஞ்சின் ஒளியைக் கணக்கிடும் முறை மாறிவிட்டால், பழைய தோல் ஷேடர் புதிய சூழலில் மெழுகுபோலத் தெரியத் தொடங்கும். மெஷ்ஷும் டெக்ஸ்ச்சரும் இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன. ஒரே கன்சோலில் வரும் இரண்டாம் பாகத்துக்கு அவை அப்படியே போதும். புதிய கன்சோலுக்குப் போதாவிட்டால், இரண்டாம் பதிலில் சொன்ன அந்தப் பெரிய சிற்பத்தைத் திரும்ப எடுத்து, அதிலிருந்து அடர்த்தியான மெஷ்ஷையும் கூர்மையான நார்மல் மேப்பையும் மறுபடி உருவாக்குவார்கள். மூலச் சிற்பத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்குப் பாதி வேலை மிச்சம்.

5. பழைய மாடல்களை வைத்துக்கொண்டே உண்மையில் புதிய அனுபவம் தந்த கேம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. என் கணிப்பில் இன்றுவரை அதற்கு இணையான உதாரணம் இல்லை. 1998 நவம்பரில் நின்டெண்டோ 64-க்கு, செல்டா தொடரின் ஒகரினா ஆஃப் டைம் வெளிவந்தது. அதன் கோட்டைகளை மாற்றியமைத்து ஒரு மறுபதிப்பு செய்யும்படி கேட்கப்பட்டபோது, அக்கோட்டைகளை வடிவமைத்த ஐஜி ஆனுமாவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அப்படியானால் ஓராண்டுக்குள் புதிய கேமையே செய்ய முடியுமா என்று தயாரிப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ கேட்டார். ஆனுமாவும் யோஷியாகி கொய்ஸுமியும் பழைய எஞ்சினையும் பழைய பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு மஜோராஸ் மாஸ்க்கைத் தொடங்கினார்கள். அது 2000 ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்தது.

ஒரு பாத்திரத்தை மட்டும் அருகில் பார்ப்போம். முதல் கேமில் மாலன் என்ற பண்ணைப் பெண் சிறுமியாக வருகிறாள். கதை ஏழு ஆண்டுகள் தாவியதும் வளர்ந்த பெண்ணாக வருகிறாள். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு மாடல்கள் கையிருப்பில் இருந்தன. அடுத்த கேமில் அவ்விரண்டையும் ரோமானி, கிரீமியா என்ற அக்கா தங்கையாக்கி, ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கதை நடப்பதே பழைய உலகத்தின் நிழல் போன்ற வேறோர் உலகில் என்று வைத்ததால், தெரிந்த முகங்கள் தெரியாத வாழ்க்கை வாழ்வதே விளையாடுபவருக்குள் ஒரு கலக்கத்தை உண்டாக்கியது. மாடல் செய்வதில் மிஞ்சிய உழைப்பு, மூன்று நாள்கள் திரும்பத் திரும்ப ஓடும் அந்த நகரத்தில் ஒவ்வொருவருக்கும் மணிக்கணக்கில் அட்டவணை எழுதுவதற்குப் போனது.

6. ஆனாலும், பழையதையே போட்டுவிட்டு முழு விலை வாங்குவது ஏமாற்று வேலைதானே?

மிச்சமான உழைப்பு எங்கே போனது என்பதைப் பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஃபால்அவுட் 3-இன் எஞ்சினையும் பெரும்பகுதி மாடல்களையும் பெற்றுக்கொண்டு, அப்சிடியன் நிறுவனம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் ஃபால்அவுட்: நியூ வேகஸை 2010-இல் வெளியிட்டது. அதில் மிச்சமான உழைப்பு உரையாடல்களுக்கும் கிளைக்கதைகளுக்கும் போனது. சேகாவின் யாக்குசா தொடர் கமுரோச்சோ என்ற ஒரே கற்பனை வட்டாரத்தை 2005 முதல் பாகத்துக்குப் பாகம் எடுத்து வருகிறது. கிரியூவும் மஜிமாவும் அதே தெருக்களில் நடக்கிறார்கள்; ரசிகர்கள் அதைக் குறையாக நினைக்காமல், தெரிந்த ஊருக்குத் திரும்புவதாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

மிச்சமான உழைப்பு எதற்கும் போகாமல், வீரர்களின் பெயர்ப்பட்டியலும் சீருடையும் மட்டும் மாறி ஆண்டுதோறும் வரும் கேம்கள்மீது கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தை முந்தைய வகைக் கேம்கள்மீதும் காட்டுவது, நல்ல வேலை செய்தவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

7. கூட்டத்தில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுவும் இதே கதைதானா?

அது ஒரே கேமுக்குள் நடக்கும் மறுபயன்பாடு. நினைவகம் குறைவாக இருந்த காலத்தில் அதைத் தவிர்க்கவே முடியாது. 1998-இன் ஹாஃப் லைஃப்பில் விஞ்ஞானிகள் எல்லோருக்கும் ஒரே உடல். அதன்மேல் மாற்றிப் பொருத்த நான்கு தலைகள். சுவையான பகுதி ஆறு ஆண்டுகள் கழித்து வருகிறது. 2004-இல் ஹாஃப் லைஃப் 2 செய்தபோது, வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக இருந்த பெயரில்லாத தலை டாக்டர் கிளைனர் ஆனது. கறுப்பின விஞ்ஞானியின் தலை ஈலை வான்ஸ் என்ற பாத்திரம் ஆனது. மெஷ் முழுவதும் புதிது. முகத்தின் அடையாளம் மட்டும் முந்தைய கேமிலிருந்து வந்து, பெயரும் குரலும் குடும்பமும் பெற்றது.

8. ஒருவருக்குச் செய்த நடையை இன்னொருவருக்கு அப்படியே போட முடியுமா?

எலும்புகளின் பெயரும் வரிசையும் ஒன்றாக இருந்தால் முடியும். அதற்கு ரீடார்கெட்டிங் என்று பெயர். ஆனால் நெட்டையானவரின் நடையைக் குட்டையானவருக்குப் போட்டால், கால் நீளம் குறைவதால் பாதம் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். ஒல்லியானவர் கைகட்டி நிற்கும் அசைவைப் பருமனானவருக்குப் போட்டால் கை வயிற்றுக்குள் புகுந்துவிடும். ஆகவே கணினி மாற்றித் தந்ததை ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். ஒரே ஸ்டுடியோவின் வெவ்வேறு தொடர்களில்கூட அசைவுகள் பயணிப்பதுண்டு. டார்க் சோல்ஸ் 3 விளையாடியவர்கள் எல்டன் ரிங்கில் சில வாள்வீச்சுகளைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

9. இவ்வளவு லாபம் என்றால், டெக்கன் 8-இல் ஏன் எல்லோரையும் புதிதாகச் செய்தார்கள்?

டெக்கன் 7 முதலில் 2015-இல் ஆர்கேட் இயந்திரங்களுக்காக அன்ரியல் எஞ்சின் 4-இல் செய்யப்பட்டது. 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாறியது. ஏழாம் பாகத்தின் மாடல் ஒன்றுகூட இதில் இல்லை என்று தொடரை நடத்திவந்த கத்சுஹிரோ ஹராடா வெளிப்படையாகவே சொன்னார்.

சண்டை கேமில் இரண்டே உருவங்கள் திரையை நிறைத்து நிற்கின்றன. வியர்வையும் தசையின் இறுக்கமும் நெருக்கத்தில் தெரியும். பழைய மாடலில் ஒவ்வோர் அடுக்காகச் செப்பனிட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் புதிதாகச் செய்வதைவிட அதுவே அதிகச் செலவாகிவிடும். அந்தக் கட்டம் எது என்று கணிப்பதுதான் கலை இயக்குநரின் மிகக் கடினமான முடிவு என்று நான் நினைக்கிறேன்.

10. போகிமான் மாடல்களை எதிர்காலத்துக்கும் சேர்த்துத்தானே செய்தார்கள்? பிறகு ஏன் பாதிப் போகிமான்களைக் காணோம்?

2013-இல் போகிமான் எக்ஸ், ஒய் கேம்கள் 3டி மாடல்களுக்கு மாறியபோது, நின்டெண்டோ 3டிஎஸ்ஸின் 240 வரிகளே கொண்ட திரைக்குத் தேவையானதைவிட நுணுக்கமாக அவற்றைச் செய்திருந்தார்கள். அடுத்தடுத்த பாகங்களில் அவை தொடர்ந்து வந்தன. எனவே 2019 ஜூனில், ஸ்விட்ச்சுக்கு வரும் ஸ்வோர்ட், ஷீல்ட் கேம்களில் எல்லாப் போகிமான்களும் இருக்கமாட்டா என்று தயாரிப்பாளர் ஜூனிச்சி மசூடா அறிவித்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். அப்போது மொத்தம் 800-க்கும் மேற்பட்டவை இருந்தன. கேமின் பட்டியலில் இடம்பெற்றவை 400.

இரு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது. பல போகிமான்களின் வடிவத்தில் மாற்றம் தெரியவில்லை என்று ரசிகர்கள் சொன்னது மெஷ் என்ற முதல் அடுக்கைப் பற்றியது. நான்காம் பதிலில் சொன்னபடி, டெக்ஸ்ச்சர், ஷேடர், புதிய அசைவுகள் என்று மற்ற அடுக்குகளை ஸ்விட்ச்சுக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும்; அந்த வேலையை 800-ஆல் பெருக்கிப் பாருங்கள். சண்டையின் சமநிலையையும் மசூடா ஒரு காரணமாகச் சொன்னார். 2020-இல் தனியாக விற்ற கூடுதல் பகுதிகளோடு 200-க்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. இருந்தாலும், "எல்லாவற்றையும் பிடியுங்கள்" என்று இருபது ஆண்டுகள் சொல்லிவந்த தொடர் அந்த அறிவிப்பை இன்னும் தெளிவான காரணங்களோடு செய்திருக்க வேண்டும்.

11. ஸ்பைடர்மேன் கேமில் பீட்டர் பார்க்கரின் முகத்தை ஏன் மாற்றினார்கள்? பழைய முகமே நன்றாகத்தானே இருந்தது?

2018-இன் ஸ்பைடர்மேனில் பீட்டரின் முகம் ஜான் பப்னியாக்குடையது; குரலும் நடிப்பும் யூரி லோவன்தாலுடையவை. 2020-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு மெருகேற்றி மறுபடி வெளியிட்ட ரீமாஸ்டரில் இன்சோம்னியாக் நிறுவனம் பென் ஜோர்டன் என்பவரின் முகத்துக்கு மாறியது. லோவன்தாலின் முக அசைவுகளுக்குப் புதிய முகம் நன்றாகப் பொருந்துகிறது என்பதே அவர்கள் தந்த காரணம்.

எட்டாம் பதிலில் உடலுக்குச் சொன்ன சிக்கல்தான் இங்கே முகத்துக்கு வருகிறது. நடிகரின் தாடை அகலமும் கண்களுக்கிடையே உள்ள தூரமும் மாடலின் முகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், அவர் இயல்பாகச் சிரித்தது திரையில் இளிப்பாக மாறும். ஒவ்வொரு காட்சியிலும் கலைஞர்கள் கையால் திருத்த வேண்டும். வரிசையாகப் பல பாகங்கள் வரப்போகும் தொடரில் அந்தத் திருத்தம் ஒருபோதும் முடியாது. முதல் கேமை நேசித்தவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது; எனினும் முகத்தை மாற்றுவதாக இருந்தால், இரண்டாம் பாகத்துக்குமுன் மாற்றியதே முறை.

12. நான் செய்த முகத்தை அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோனேன், ஆள் மாறிவிட்டார். ஏன்?

மாஸ் எஃபெக்ட் தொடரில் நாயகன் ஷெப்பர்டின் முகத்தை நாமே வடிவமைத்து, சேமித்த கோப்பு வழியாக அடுத்தடுத்த பாகங்களுக்குக் கொண்டு செல்லலாம். அந்தக் கோப்பில் மாடல் இருப்பதில்லை. மூக்கு அகலம் இவ்வளவு, கன்ன எலும்பு உயரம் இவ்வளவு என்ற எண்கள்தான் இருக்கின்றன. அடிப்படைத் தலையும் அளவுகோல்களும் அடுத்த பாகத்தில் மாறினால், அதே எண்கள் வேறொரு முகத்தைத் தரும், அல்லது எதையும் தராது. 2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வந்தபோது, முதல் பாகத்தில் உருவான முகங்களை அதனால் படிக்க முடியவில்லை. ஏப்ரலில் திருத்தம் வெளியிட்டார்கள். ஐந்தாண்டுகள் கூடவே வந்த முகத்தைக் கடைசிப் பாகத்தில் இழந்தவர்களுக்கு அது சிறிய பிழையாகப் பட்டிருக்காது.

13. ரீமாஸ்டர் செய்யும்போது பழைய கோப்புகளைத் திறந்து மெருகேற்றினால் போதாதா?

கோப்புகள் இருந்தால்தானே திறக்க முடியும். 2002-இன் கிங்டம் ஹார்ட்ஸின் மூலத் தரவுகள் தொலைந்துவிட்டதால், 2013-இன் உயர்தரப் பதிப்புக்கு நிறையவற்றை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது என்று அதன் இயக்குநர் தெட்சுயா நோமுரா சொல்லியிருக்கிறார். 2017-இல் கிராஷ் பாண்டிகூட்டின் முதல் மூன்று பாகங்களையும் மறு ஆக்கம் செய்த குழுவிடம் பழைய நிரல் இல்லை. கிடைத்த சில மெஷ்களை அளவுக்கு வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகச் செய்தார்கள். கடைக்குப் போகும் வட்டில் சுருக்கப்பட்ட இறுதி வடிவம் மட்டுமே இருக்கும். மூலச் சிற்பமோ திருத்தக்கூடிய ரிக்கோ அதில் இருக்காது. ஸ்டுடியோ காப்பாற்றாவிட்டால் வேறு யாரிடமும் அவை கிடையாது.

14. இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, பழைய மாடலைக் கொடுத்தால் அதுவே புதுப்பித்துவிடாதா?

ஓரளவுக்கு முடியும், ஆனால் மனிதக் கண் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பழைய மூன்று கேம்களை மென்பொருள் துணையோடு புதுப்பித்து 2021 நவம்பரில் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ தொகுப்பு சாட்சி. அதில் டஃப் நட் டோனட்ஸ் என்ற கடையின் மேல் ஒரு பெரிய நட் இருக்கும். போல்ட்டில் முடுக்கும், ஆறு பக்கம் கொண்ட இரும்பு நட். பெயரில் இருக்கும் சிலேடையே அதுதான். புதுப்பிப்பில் ஆறு பக்கங்களும் மழுங்கி, அது வெறும் வட்டமாகிவிட்டது. கோணம் எங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டது, எங்கே அந்தக் காலத்துக் கன்சோலின் இயலாமையால் வந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. கடைப்பலகைகளில் எழுத்துகள் பிழையாயின, மனித முகங்கள் வீங்கின. ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

15. மாடல் யாருக்குச் சொந்தம்? செய்த கலைஞருக்கா, கம்பெனிக்கா? இந்தியாவில் செய்பவர்கள் நிலை என்ன?

ஊழியராகவோ ஒப்பந்தத்திலோ செய்து கொடுத்தால், பெரும்பாலும் உரிமை ஸ்டுடியோவுக்கோ வெளியீட்டாளருக்கோதான். முகத்தைத் தந்த நடிகரோடு தனி ஒப்பந்தம் இருக்கும். அடுத்த பாகத்துக்கும் அது செல்லுமா என்பது அதில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

பெரிய கேம்களின் மாடல்கள் பல நாடுகளில் பிரித்துச் செய்யப்படுகின்றன. 1997-இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் பல வெளிநாட்டு கேம்களுக்குக் கலைப்பணி செய்து பெயர் பெற்றது. 2019-இல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்பவர்கள், கேம் வெளிவந்து எழுத்துமூலம் அனுமதி கிடைக்கும்வரை தங்கள் வேலையை வெளியே காட்டக் கூடாது. மாணவர்கள் சேரும்போதே வேலை ஒப்பந்தத்தில் அதைச் சொல்லும் பிரிவைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

16. பிளெண்டரில் சொந்தமாக ஒரு கேரக்டர் செய்கிறேன். இரண்டாம் கேமுக்கும் உதவுமாறு எப்படி வைத்துக்கொள்வது?

மூலச் சிற்பத்தையும், அடுக்குகளை ஒன்றாக்காத டெக்ஸ்ச்சர் கோப்பையும், இறுதி மாடலையும் தனித்தனியே சேமியுங்கள். எலும்புகளுக்கு முதல் நாளே ஒரு பெயர் முறையை வகுத்து, இடது வலது குறிப்பை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். எட்டாம் பதிலில் சொன்ன ரீடார்கெட்டிங் இதை நம்பித்தான் இருக்கிறது. ஒரு அலகு ஒரு மீட்டர் என்று அளவை நிலைநிறுத்தி, உருவத்தின் உண்மையான உயரத்திலேயே வேலை செய்யுங்கள். முகத்தை உணர்ச்சியற்ற இயல்பு நிலையில் செதுக்குங்கள். சிரித்த முகமாகச் செதுக்கினால் அழுகைக் காட்சியில் கன்னம் ஒத்துழைக்காது.

எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் செய்தீர்கள், எந்தத் துணைக்கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போடுங்கள். பிறகு அந்தக் கோப்புறையை உங்கள் நண்பரின் கணினிக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். டெக்ஸ்ச்சர் காணாமல் ஊதா நிறத்தில் உருவம் தெரிந்தால், கோப்பின் பாதை உங்கள் கணினியோடு கட்டுண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகே அடுத்த கதாபாத்திரத்தைத் தொடங்குங்கள்.